முன்னிடைச்சொல்

உயர்தர வகுப்பில் ஆறு பிள்ளைகள்.
களுவாஞ்சிகுடிக் கச்சான் காற்றில்
பழைய இங்கிலாந்தைக் கரும்பலகையில் விரிக்கிறேன்:
ஆளுக்கு ஆண்டு வருமானம் இத்தனை பவுண்,
வீடும் தோட்டமும் மூத்த ஆணுக்கு,
அவனும் இல்லையென்றால்
முகம் தெரியாத ஒரு சித்தப்பன் மகனுக்கு.
பெண்கள் வண்டிச் சத்தத்துக்குக் காது கொடுத்திருப்பார்கள்.

"வீடு பொம்புளப் புள்ளைக்கு இல்லையா மிஸ்?"
பின்வாங்கில் லக்சிகா சிரிக்கிறாள்.
அவள் பல் முளைக்குமுன் அவளுக்கு
அத்திவாரம் வெட்டிய ஊர் இது.
இங்கே மாப்பிள்ளைதான் சூட்கேசோடு வருவான்.

வருவான்.
வராமலும் விடுவான்.

குகதாசனின் தகப்பன்
எங்கள் அப்பாவின் வயலில் முல்லைக்காரன்.
மண்டூர்ப் பாதையில் சைக்கிளை ஏற்றி
குருமண்வெளியில் இறங்கி டியூசனுக்கு வருவான்,
சில்லில் வாவிச் சேற்றோடு.
எங்கள் பக்கம் எழுவான், அவன் பக்கம் படுவான்.
பேர் வைத்தவர் எந்தக் கரையில் நின்றார் என்று
நான் கேட்டதில்லை. அவன் கேட்டான்.

கம்பசில் இருந்தபோது கடிதம் போட்டான்,
எனக்காக இங்கிலீசில்.
‘ஐ கேனாட் கம் இன் யுவர் ஹவுஸ்.’
‘இன்’னைச் சுற்றிச் சிவப்பில் வட்டமிட்டு
மேலே ‘டு’ என்று திருத்தித்
திருப்பி அனுப்பினேன்.
விளையாட்டுக்குத்தான்
என்று இருபது வருசம் சொல்லிப் பார்த்தாயிற்று.
போடியார் மகளின் கை அது.
நெல்லுக் கணக்கில் பிழை பிடித்துப் பழகிய கை.

மறுகா பதில் இல்லை.

போன மாரிக்கு முன்,
அக்காவுக்கும் எனக்கும் காணி பிரிக்க
நில அளவையாளர் வந்தார்.
மீசை நரைத்திருந்தது.
முக்காலியை நட்டு, கண்ணாடிக்குள்ளால்
எங்கள் முற்றத்தை நெடுநேரம் பார்த்தார்.
"உள்ளுக்கு வாங்க, தேத்தண்ணி..."
"இல்ல மிஸ். அளக்கிறவன் எல்லையில நிண்டாப் போதும்."

நின்றபடியே குடித்தான்.
கிளாசை வேலிக்கட்டையில் கவிழ்த்து வைத்தான்,
அவன் தகப்பன் வைக்கிற மாதிரியே,
ஆனால் என் கண்ணைப் பார்த்துக்கொண்டு.

நாவலென்றால் இந்த இடத்தில் மழை பெய்யும்,
போன குதிரை திரும்பும்.
எங்களுக்கு அன்று நல்ல வெயில்.

இரவு படுக்கையில்தான் விளங்கியது:
அவன் ‘இன்’ என்றுதான் எழுத நினைத்தான்.
வந்து போவதைப் பற்றியல்ல,
எங்கள் கூரைக்குள் இருப்பதைப் பற்றி.
இலக்கணம் எனக்குத்தான் பிழைத்திருந்தது.

கிளாஸ் இரண்டு நாள் வேலிக்கட்டையில் கிடந்தது.
எடுத்துக் கழுவ
வேலைக்கு வரும் பிள்ளையைக் கூப்பிட்டேன்.