வலிக்குமோ

பறவைக் காய்ச்சல் சீசன்.
வேலந்தாவளம் செக்போஸ்டில்
கோழி வண்டிச் சக்கரங்களுக்கு மருந்தடிப்பது என் வேலை.
ஆறு மணிக்கு முதுகு டேங்கை இறக்கி வைத்துவிட்டு
கையைக் கூடக் கழுவாமல் நடந்தேன்.
நூறடி தள்ளி வேறு மாநிலம்,
அதில் ஒரு மொபைல் கவர் கடை.

ஷெஃபீக் ஷட்டரைப் பாதி இறக்கினான்.
"சேட்டன் வலிக்குமோ?"
ஊசி போடுமுன் நர்ஸ் கேட்கிற மாதிரி இருந்தது.
"இன்னும் இல்லீங்க" என்றேன்.
சிரித்தான். இரண்டு விரலை உதட்டில் வைத்துக் காட்டினான்.
அவன் பாஷையில்
இழுப்பதற்குப் பெயர் அது.

மலையாளப் பேப்பரை விரித்து மூன்றை வைத்தான்.
ஒன்று லிப்ஸ்டிக்.
ஒன்று என் மகள் பள்ளிக்கூடப் பையில் இருக்கும்
மஞ்சள் மார்க்கர்.
மூன்றாவது கனம், டார்ச் லைட் போல,
நடுவில் எண்ணெய் தெரிகிற ஜன்னல்.
"இதில் ஜூஸ் ஒழிக்கணம்."
எதற்கு ஒழிக்க வேண்டும் என்று கேட்டேன்.
ஊற்றுவதைத்தான் அப்படிச் சொன்னானாம்.

"புகையில்ல சேட்டா, ஆவி மாத்ரம்."
ஆவி என்றதும் முதலில் இட்லிக் கொப்பரை,
அப்புறம் சளிக்குப் போர்வைக்குள் வேர்த்தது,
அப்புறம், ராத்திரியில் யாரும் கிட்டப் போகாத
முருங்கை மரம்.

மாம்பழம் இருக்கிறது, புதினா, தர்பூசணி,
நீலமாக ஏதோ ஒரு பெர்ரி.
புகையிலை வாசனை இல்லையா?
புகையிலையை விட வந்தவன் கேட்கிற கேள்வியா இது?
கேட்டுவிட்டேன்.
"அது ஆரும் வாங்ஙில்ல."

"ரெண்டு சதமானம் வேணோ, அஞ்சு வேணோ?"
லிட்டருக்கு இருபது மில்லி,
டயருக்கு அதுதான் கணக்கு, தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன்.
பதினோரு வருடம், நாளைக்கு ஒன்றரைப் பாக்கெட்,
இப்படி ஓடிய வண்டிக்கு
எவ்வளவு கலக்க வேண்டும் என்று
எந்த டப்பாவிலும் போட்டிருக்கவில்லை.

ஐயாயிரம் இழுப்பு வரும் என்றான்.
ஒரு சிகரெட்டுக்குப் பத்து என்று வைத்தால் ஐந்நூறு சிகரெட்,
ஒரே குழாயில்.
சிகரெட் என்றால் விரலைச் சுட்டுச் சொல்லும்
போதும்டா என்று.
இது எப்போது போதும் என்று சொல்லும்?
"லைட் மின்னும்."

வெளியே போலீஸ் ஜீப் மெதுவாகப் போயிற்று.
பேப்பரின் மூலையை மடித்து
மூன்றையும் மூடினான்.
அந்தப் பக்கம் விற்றாலும் குற்றம், இந்தப் பக்கம் விற்றாலும் குற்றம்.
தண்ணீரில் ஒத்துப்போகாத இரண்டு மாநிலம்
இதில் ஒத்துப்போயிருந்தது.

ஆயிரத்து இருநூறு. இரண்டு நாள் கூலி.
எது நல்லது என்று கடைசி வரை தெரியவில்லை.
ஜீப் திரும்பி வருவதற்குள்
கைக்கு அருகில் இருந்ததை எடுத்தேன்.
தர்பூசணி.

செக்போஸ்ட் கொட்டகையில் ஒரே பிளக்.
ஏட்டய்யா போன் நிறையும் வரை காத்திருந்து
இதைச் சொருகினேன்.
கேட்டால் டார்ச் என்று சொல்லலாம்,
டார்ச் மாதிரி இருந்ததை வாங்கவில்லை என்பது
அப்புறம்தான் உறைத்தது.

முதல் இழுப்பில்
மகளின் ரப்பரைக் கடித்த மாதிரி ஒரு தித்திப்பு.
தொண்டையில் எதுவும் உரசவில்லை.
உள்ளே போனதா என்றே சந்தேகமாக
இன்னொன்று இழுத்தேன்.
அதற்கும் சந்தேகம் தீரவில்லை.

நைட் ஷிஃப்ட்டுக்கு நாச்சிமுத்து வந்தார்,
காதில் செருகிய பீடியோடு.
"தீ இருக்குதா தம்பி?"
பதினோரு வருடமாக என்னிடம்தான் கேட்பார்.
தீப்பெட்டியைக் காலையிலேயே
கால்வாயில் எறிந்திருந்தேன்.
"சார்ஜ்தானுங் இருக்குது" என்றேன்.
அவருக்கு விளங்கவில்லை.

ஆலப்புழை வாத்து வண்டி ஒன்று வந்து நின்றது.
டிரைவர் ஜன்னலில் குனிந்து
வாயிலிருந்த சிகரெட்டை நீட்டினான்.
இவர் எட்டி, பீடியை அதன் நுனியில் வைத்தார்.
பேர் தெரியாத இரண்டு முகம்
கொஞ்ச நேரம் ஒரே சிவப்பில்.
பின்னால் நூற்றுக்கணக்கான வாத்துகள்
கத்திக்கொண்டிருந்தன.

என் சட்டைப் பைக்குள்
நீலமாக ஒன்று மின்னிற்று.
முடிந்ததற்கா, நிறைந்ததற்கா,
அவனிடம் கேட்க மறந்திருந்தேன்.