இருபத்தேழாவது கண்ணி

சிலை நாகர்கோவிலிலிருந்து வந்து இறங்கிவிட்டது.
சங்கிலி மட்டும் வரவில்லை.
தேவகோட்டையில் இரும்புக்கா பஞ்சம் என்று
கோயில் கணக்குப் பார்க்கும் இன்னாசிமுத்து
ஒரு சாக்கைத் தூக்கிக்கொண்டு பட்டறைக்கு வந்தார்.

சாக்குக்குள் ஊஞ்சல் சங்கிலி.
இடித்த வீட்டுப் பித்தளை,
கண்ணிக்குக் கண்ணி கிளியும் யானையும்.
காரைக்குடியில் கிலோக் கணக்கில் எடுத்தாராம்.
வேண்டாம் என்றேன்.
மாப்பிள்ளையும் பெண்ணும் உட்கார்ந்து ஆடியது இது.
கோபம் வந்த ராஜா
கிளி செதுக்கியா பூட்டுவான்?

எட்டு எம்எம் கம்பி எடுத்தேன்.
அளவு கேட்டால் யாருக்கும் தெரியவில்லை.
என் மணிக்கட்டைச் சுற்றி வளைத்தேன்.

"ஓரியூர்ச் சாமி கடல் தாண்டி வந்தவர்.
இவர் நம்மாள். பெண்டாட்டி உண்டு,
அரண்மனை உத்தியோகம் உண்டு.
எருமை மேல் ஏற்றி ஊர் ஊராகக் காட்டினார்கள்.
அடிபட்ட புண்ணில் மிளகாய்.
வேதத்தை விட்டேன் என்று ஒரு வார்த்தை,
அவ்வளவுதான் கேட்டார்கள்."
"சொல்லவில்லையா?"
"சொல்லியிருந்தால் உன்னிடம் எதற்கு வருகிறேன்?"

அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் கெடுத்தது
அவர் இல்லை, அவருக்கு விலங்கு அடித்த கொல்லன்.
காலையில் ஏருக்குக் கொழு தட்டியிருப்பான்.
மத்தியானம் சேவகன் வந்து இதைச் சொல்லியிருப்பான்.
அவன் யார் கையில் அளவெடுத்தான்?
கூலி நெல்லா, காசா?

பில்லில் எழுதினேன்:
கைவிலங்கு ஒரு செட், ஆயிரத்து நானூறு.
பிறகு அதை அடித்துவிட்டு
'சிலை வேலை' என்று எழுதினேன்.

கடைசிக் கண்ணிக்கு வரும்போது கரண்ட் போனது.
வாசலில் டாட்டா ஏஸ் ஹாரன்.
சாயங்காலம் மந்திரிப்பு, ஆயர் வருகிறார்.
குறட்டால் நெருக்கி மூடி
மேலே கறுப்புப் பெயிண்ட் பூசிக் கொடுத்தேன்.
யாரிடமும் சொல்லவில்லை.

இரண்டு வருஷமாகிறது.
பிள்ளை வேண்டி அதில் நூல் கட்டுகிறார்கள்.
ஜாமீன் கிடைக்காத மகனுக்காக
கண்டனூர்க்காரி ஒருத்தி
செவ்வாய்தோறும் பிடித்துக்கொண்டு நிற்கிறாள்.
பெயிண்ட் தேய்ந்து அவள் விரலெல்லாம் துரு.

நான் கோட்டையம்மனுக்குத் தீச்சட்டி எடுப்பவன்.
இருந்தாலும் அந்தப் பக்கம் போனால்
ஒரு எட்டு உள்ளே பார்த்துவிட்டு வருவேன்.
இடது கை, இருபத்தேழாவது.
லேசாக இழுத்தால் போதும், விட்டுவிடும்.

இன்னும் இழுக்கவில்லை அவர்.