முடியளவு

சிலேத்தாரில் மழை சொல்லிவிட்டுத்தான் வரும்.
முதலில் ஜொகூர் கரை மறையும்,
பிறகு ஓடுபாதையின் முனை,
பிறகு மின்னல் எச்சரிக்கை கூவும்.
நாங்கள் கருவிகளை எண்ணிப் பெட்டியில் வைத்துவிட்டுக்
கொட்டகைக்குள் ஒதுங்குவோம்.
ஒதுங்க வழியில்லாமல்
ஒன்பது ஆண்டு வெளியே நின்றது அது:
நான்கு இருக்கை, ஒற்றை எஞ்சின்,
பெயரின் கடைசி எழுத்தை வெயில் தின்றுவிட்ட
சின்ன விமானம்.

நிறுத்தியவள் நான்.

இடது இறக்கை உடலோடு சேரும் இடத்தில்,
தறையாணி வரிசைக்கு அடியில்,
டார்ச் வெளிச்சத்தில் ஒரு கோடு. முடியளவு.
சிவப்பு அட்டை எழுதிக் கட்டினேன்:
‘விரிசல் என ஐயம். பறக்கலாகாது.’
திரு. குவா கத்தவில்லை.
எங்கே என்று குனிந்தார். தெரியவில்லை.
மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி குனிந்தார்.
“உன் கண் இளசு,” என்றார்.
“அடுத்த மாதம் பார்ப்போம்.”

அடுத்த மாதம் வரவே இல்லை.
நிறுத்துமிட வாடகை மட்டும்
ஒரு மாதமும் தவறாமல் வந்தது.

இப்போது அவர் மகள் விற்கிறாள்.
வாங்குபவர் ஈப்போக்காரர்.
பறந்து வந்தால்தான் பணம் என்கிறார்.

ரோஸ்லானும் நானும் தொடங்கினோம்.
காற்றின் வேகம் அளக்கும் குழாயில்
குளவி மண்வீடு கட்டி, காலியும் செய்திருந்தது.
டயர்கள் நின்ற பக்கம் தட்டை.
தொட்டியின் அடியில் வடித்தால்
நீலமாய் வரவேண்டியது தே ஓ நிறத்தில் வந்தது.
“சீனி போடவா?” என்றான் ரோஸ்லான்.
எஞ்சின் மூடிக்குள் மைனாக் கூடு:
உறிஞ்சுகுழலின் தாள் உறை, முகக்கவச நாடா,
யாரோ தோற்ற நாலு நம்பர் சீட்டு.

ஆறு மாதம்.
சிலிண்டர்களைக் கழற்றினோம்,
துரு தின்ற தண்டைக் கப்பலில் அனுப்பிவிட்டு
ஜாலான் காயுவில் பிராத்தா தின்று காத்திருந்தோம்.
திருகுக்கு ஒரு கையொப்பம்.
அந்த இறக்கையை மட்டும்
நான் கடைசிக்குத் தள்ளிக்கொண்டே வந்தேன்.

சோதிக்க வந்தவள் ஹுய் ஷான்.
பேனா போன்ற கருவியைக் கோட்டின் மேல்
மூன்று முறை இழுத்தாள்.
திரையில் பச்சை வரி அசையவே இல்லை.
“கீறல்தான். பெயிண்ட்டைத் தாண்டி இறங்கவில்லை.
யார் கையிலோ திருப்புளி வழுக்கியிருக்கும்.”

என் கையாகவும் இருக்கலாம்.

கீறல். விரிசல் இல்லை.
இரண்டு சொல்லுக்கும் நடுவே
ஒரு மனிதரின் ஒன்பது ஆண்டு.

ரோஸ்லான் என்னைப் பார்க்காமல்
துடைத்த கையையே துடைத்தான்.
“தெரியாதபோது நிறுத்துவதுதானே நம் வேலை?”
சரிதான். விதிப் புத்தகமும் அதைத்தான் சொல்கிறது.
ஞாயிறுதோறும் குவா வந்து
முகப்புக் கண்ணாடியை மட்டும் துடைத்துவிட்டு,
உள்ளே ஏறாமலே திரும்பிப் போவார் என்று
வாயிற்காவலர் சொன்னதற்கு
அதில் பத்தி எண் இல்லை.

பதிவேட்டில் எழுதினேன்:
‘கீறல். விரிசல் அன்று. அட்டை அகற்றப்பட்டது.’
தேதி. உரிம எண்.
அதே கையொப்பம், கொஞ்சம் சிறியதாக.

வியாழன் காலை. மேகம் உயரத்தில்.
கேப்டன் பெரெய்ரா சாவியைத் திருப்பினார்.
இருமியது. நின்றது.
மறுபடி இருமியது.
மூன்றாம் தடவை இருமலையே மூச்சாக்கிக்கொண்டது.
நாங்கள் எவ்வளவோ துடைத்தும் எங்கோ ஒட்டியிருந்த
ஒரு மைனா இறகு
புகையோடு வெளியே வந்து, என் காலணியருகே விழுந்தது.

இங்கே வானம் சின்னது.
ஐந்து நிமிடம் நேராகப் போனால் வேறு நாடு.
கோபுரத்தில் கேட்டு, காத்திருந்து,
இரண்டு பெரிய விமானங்களுக்கு வழிவிட்டு,
ஒருவழியாக ஓடத் தொடங்கியது.

ஓடுபாதை முழுவதும் அதற்குத் தேவைப்படவில்லை.
பாதியிலேயே
டயருக்கும் தரைக்கும் நடுவே வெளிச்சம் தெரிந்தது,

முடியளவு.

ரோஸ்லானிடம் கேட்டேன். அவனுக்குத் தெரியவில்லையாம்.
எனக்குத் தெரிந்தது.