பதினொரு துளைகள்

இந்த மாவட்டத்தில் நான் எழுப்பிய பயிற்சிக் கூடங்கள்
பன்னிரண்டு.
பன்னிரண்டும் ஒன்றுதான்.
இருட்டில் நுழைந்தாலும் என் கை
விளக்குப் பொத்தானைத் துழாவாது:
கதவுக்கு இடப்பக்கம், தரையிலிருந்து நூற்றைந்து சென்டிமீட்டர்,
எல்லா ஊரிலும்.
ஒருநாள் மதியம் ஜிம்னாஸ்டிக் மெத்தையில் கண்ணயர்ந்து
எழுந்தபோது எந்த ஊர் என்று தெரியவில்லை.
சன்னலுக்குப் போய்
தேவாலயத்தின் கோணல் கோபுரத்தைப் பார்த்த பிறகுதான்
டோர்ன்விட்ஸ் என்று உறுதியானது.

"ஒரே அச்சில் வார்த்ததா?" என்று உதட்டைப் பிதுக்குவார்கள்
திறப்பு விழாவில் பியர் குடிக்க வந்தவர்கள்.
ஆமாம், ஒரே அச்சு.
ஹார்ஸ் மலையில் பட்டைவண்டு அரித்து
நின்றபடியே செத்த ஸ்ப்ரூஸ் மரங்கள்,
லாரியில் பலகையாய் வந்து இறங்கும்.
பசை கிடையாது, திருகாணி மட்டும்.
ஒவ்வொரு உத்தரத்திலும் சுட்டுப் பதித்த எண்.
நாற்பது ஆண்டு கழித்து வருகிறவர்
கடைசி எண்ணில் தொடங்கி
முதல் எண்வரை கழற்றிக்கொண்டு போகலாம்.

தவறுக்கும் அதே அச்சு.
உடைமாற்றும் அறையில் கோட்டு மாட்டும் கொக்கிகள்
நூற்றறுபது சென்டிமீட்டர் உயரத்தில்.
வரைந்தவர் நெட்டையராக இருந்திருக்க வேண்டும்.
இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் எம்பிப் பார்த்து,
ஒருவர் முதுகில் ஒருவர் ஏறிப் பார்த்து,
கடைசியில் தரையில் எறிந்தார்கள்.
பனி உருகிச் சேறான தரையில்
நீலமும் மஞ்சளுமாய் ஒரு குவியல்.
முதல் கூடத்தில் பார்த்தேன். இரண்டில், மூன்றில்.
படிவம் நிரப்பி அனுப்பினேன்.
"அடுத்த தொடரில் பரிசீலிக்கப்படும்" என்று பதில் வந்தது.
நான்காவதிலும்
நூற்றறுபதில்தான் அடித்தோம்.

நான்காவது கூடம் க்ரோப்லாவில்.
அதன் காவலாளி ரொஸ்விதா க்லெம்
யாரையும் கேட்கவில்லை.
ஒரு சனிக்கிழமை, சொந்தத் துரப்பணத்தோடு வந்து
பதினொரு கொக்கிகளைத் தாழ்வாக மாட்டிவிட்டாள்.
அளவுநாடா இல்லையாம்.
விளக்குப் பொத்தானின் உயரத்தைக்
கண்ணாலேயே இழுத்துக்கொண்டு போனாளாம்.
ஆய்வுக்குப் போன நான்
கூரையில் ஏதோ கசிவைத் தேடுகிறவன் போல
அண்ணாந்தபடியே அந்த அறையைக் கடந்தேன்.

ஒன்பதாம் ஆண்டு பள்ளியை மூடினார்கள்.
மிஞ்சிய முப்பத்தொரு பிள்ளைகளுக்கும்
பக்கத்து ஊருக்குப் பேருந்து.
நாற்பது என்று எழுதி வைத்தது ஒன்பதிலேயே வந்தது.
கூடத்தைக் கழற்ற எங்களுக்குப் பத்தொன்பது நாள் ஆனது.
மூன்றாம் நாள் ரொஸ்விதா வந்தாள்.
அழுவாளோ என்று பயந்து
நான் தேநீர்க் குடுவையைத் திறந்தேன்.
"துரப்பண முனை ஒன்று முறிந்து
சுவருக்குள் விழுந்துவிட்டது அன்றைக்கு.
கண்ணில் பட்டால் எடுத்து வையுங்கள்" என்றாள்.
"நல்ல ஸ்டீல்."

புது ஊரில், அறுபது கிலோமீட்டர் தள்ளி,
பதினேழாம் பலகையின் முன் குந்தினான் இங்கோல்ஃப் பாஷ்கே.
"வரைபடத்தில் இல்லாத துளைகள்.
மக்கு வைத்து அடைக்கவா?"
அளந்து சொல் என்றேன்.
நூற்றைந்து. நூற்றைந்து. நூற்று நான்கு.
நூற்று நான்கு. நூற்று மூன்று...
வலப்பக்கம் போகப் போக வரிசை சரிந்தது.
"மட்டப்பலகை வைக்கவில்லை அம்மணி" என்றான்,
சிரித்துக்கொண்டே எழுதினான்.
அதே துளைகளில் பதினொரு கொக்கிகளையும் திருகினோம்.
தாளை அலுவலகத்துக்கு நானே கொண்டுபோனேன்.

பதின்மூன்றாம் கூடத்தின் வரைபடம் இந்த வாரம் வந்தது.
கொக்கிகள், இரண்டாம் வரிசை, உயரம் நூற்றைந்து,
நேர்கோட்டில், எண்ணிக்கை பதினொன்று.
ஏன் பதினொன்று என்று யாரும் கேட்கவில்லை.
அவள் வாங்கிய பெட்டியில்
அத்தனைதான் இருந்தன.
இனி இருபத்து நான்காம் கூடம்வரை
அத்தனைதான் இருக்கும்.

முனை கிடைக்கவில்லை.
கிரேன் பதினேழாம் பலகையைத் தூக்கிச் சாய்த்தபோது
உள்ளே எங்கோ
ஒரு சின்னச் சத்தம் உருண்டு போனது.