நாற்பத்தொரு சென்ட்

கையெழுத்து வாங்கியவன் நான்தான்.
நெப்ராஸ்காவில் ஒரு மார்ச் மாதம்,
பாதி உருகிய பனிச்சேறு.
காலணியை வாசலில் விட்டுவிட்டு
டார்லீன் ஹ்ருஸ்காவின் அடுக்களை மேசையில்
வரைபடத்தை விரித்தேன்.
சிவப்புக் கோட்டுக்கு இந்தப் பக்கம் உங்களுடையது,
அந்தப் பக்கம் இனி கவுண்டியுடையது.
நாற்பத்தொரு சென்ட், கருமண்.
அவள் விலை கேட்கவில்லை.
"பாலம் எப்போது?" என்றாள்.

பழைய பாலம் எட்டு டன் தாங்கும்.
யாரோ சுட்டுத் துளைத்த தகரப்பலகை அப்படிச் சொல்கிறது.
பள்ளிப் பேருந்து ஏழரை டன்.
பத்தொன்பது பிள்ளைகளும் பைகளும் ஏறினால்
எட்டைத் தாண்டிவிடும்.
ஆகவே தினமும் காலை ஏழு இருபதுக்கு
பிள்ளைகள் இறங்கி நடக்கிறார்கள்.
அவர்கள் கடந்த பிறகு காலிப் பேருந்து
பலகை பலகையாக முனகவிட்டு வருகிறது.
ஓட்டுபவள் டார்லீன்.
பாலத்தின்மேல் மட்டும் சீட் பெல்ட்டைக் கழற்றிவிடுவாளாம்.
"தண்ணீரில் விழுந்தால் நேரம் மிச்சம்."

"அடுத்த கோடைக்குள்," என்றேன்.
பொய்யில்லை. அன்று பட்டியலில் நான்காவது.

ஆகஸ்டில் பட்ஜெட் கூட்டம்.
எத்தனால் ஆலைக்குப் போகும் சாலைக்கு
நாம் ஒரு டாலர் போட்டால் மாநிலம் நான்கு போடும்.
பாலத்துக்கு அப்படி யாரும் போடமாட்டார்கள்.
கணக்கு என்று பார்த்தால் கணக்கு சரிதான்.
கமிஷனர் ஓரின் ஸ்டெஃப்கா கெட்டவர் இல்லை,
அவர் மகளும் அந்தப் பேருந்தில்தான் போகிறாள்;
கை தூக்கியபோது
மேசையிலிருந்த தண்ணீர்க் குவளையையே பார்த்துக்கொண்டிருந்தார்.
பாலம் ஒன்பதாவது ஆயிற்று.
மறு வருடம் பதினொன்று.
அது இருந்த இடத்தில்தான் இருந்தது,
மற்றவை அதன்மேல் ஏறிப் போயின,
அதற்கு மட்டும் எடைக் கட்டுப்பாடு இல்லை.

என் கட்டத்தில் எப்போதும் பச்சை:
நிலம் எடுப்பு, முடிந்தது.

இந்த செப்டம்பரில் எல்லைக்குச்சி பார்க்கப் போனேன்.
குச்சிகள் தெரியவில்லை.
ஆளுயர மக்காச்சோளத்துக்குள்ளே
ஒரு இளஞ்சிவப்பு நாடா மட்டும் ஆடியது.
கவுண்டி நிலத்தில், நேர்நேராக, பதினாறு வரிசை.
"வேண்டும்போது சொல்லுங்கள்," என்றாள்,
"அதுவரை களைக்கு விடுவானேன்?"
அறுத்தால் இந்தச் சோளம் ஆலைக்குத்தான் போகும்,
வழவழப்பான புதுச் சாலையில்.
அதை நான் சொல்லவில்லை. அவளுக்கும் தெரியும்.

படிவத்தில் ஒரு கேள்வி உண்டு:
ஆக்கிரமிப்பு, உண்டா இல்லையா.
இல்லை என்று எழுதினேன்.
பேனா கொஞ்சம் நின்றது, அவ்வளவுதான்.

பிறகு கிளம்பாமல் காரிலேயே இருந்தேன்.
ஏழு இருபது.
பிள்ளைகள் ஒருவரையொருவர் இடித்துக்கொண்டு நடந்தார்கள்,
ஒருத்தி மட்டும் பலகைகளை எண்ணியபடி.
பின்னால் மஞ்சள் பேருந்து, ஒற்றை ஆளோடு.
அக்கரை ஏறியதும்
டார்லீனின் தோள் ஒருமுறை திரும்பியது.
இவ்வளவு தூரத்துக்குக் கேட்காது.
கேட்டது, க்ளிக்.