வண்ணார்பேட்டையில் இரவுத் தங்கல்

இன்று சாவி உடனே கிடைக்கவில்லை.
சேகு மைதீன் தன்மையான மனுஷன்.
நாலு மாதப் பாக்கியை ஒரு தாளில் கூட்டி
மேசையில் கவிழ்த்து வைத்திருந்தார்,
எங்கள் கண்ணில் படக்கூடாது என்பதுபோல்.
"உங்க மேல ஒண்ணும் இல்ல, கேப்டன்.
மொதலாளி சொல்லுதாவ."

கேப்டன் கோயில்பிள்ளை
தன் சொந்த அட்டையைத் தேய்த்தார்.
இரண்டு அறைதான் கட்டுபடியாயிற்று.
நானும் கேபின் பெண்கள் இருவரும்
ஒரு கட்டில், ஒரு பாய்.

முக்கூடலுக்குக் கடைசி பஸ் இன்னும் போயிருக்காது.
ஏறினால் ஒரு மணி நேரத்தில் வீடு.
ஓய்வு நேரத்தில் விடுதியை விட்டு வரக்கூடாது, விதி,
என்று அம்மாவிடம் சொல்லியிருக்கிறேன்.
அப்படி ஒரு விதி கிடையாது.
போனால் கேட்பாள், சம்பளம் போட்டாச்சா என்று.
அவள் பீடிக் கம்பெனி
மாதம் தவறாமல் பி.எஃப். கட்டிவிடுகிறது.
ஆயிரத்துக்கு இத்தனை என்று இலை சுருட்டும் கைக்கு
ஒரு நம்பர் இருக்கிறது, அதில் பணம் இருக்கிறது.
என்னிடம் பிடித்த எட்டு மாதப் பணம்
எந்த ஊரில் இறங்கியது என்று
யாருக்கும் தெரியவில்லை.

பாலத்தடியில் டீ.
எங்கள் விமானங்கள் தாமதமாகும்,
வதந்திகள் ஆவதில்லை.
துபாய்க்காரர் ஒருவர் வாங்கப் போகிறாராம்.
வாங்கவில்லையாம், பார்க்கத்தான் வந்தாராம்.
குத்தகைக்கு விட்டவர்கள் சென்னையில் அறை எடுத்து
விமானத்தின் சாவியைக் கேட்கிறார்களாம்
(விமானத்துக்கு ஏது சாவி).
எல்லாம் வெள்ளிக்கிழமைக்குள்.
எந்த வெள்ளி என்று மட்டும் யாரும் சொல்வதில்லை.
வதந்தி இல்லாதது ஒன்று உண்டு:
கோயம்புத்தூரில் நிற்கும் மூன்றாவது விமானத்தின் சக்கரம்
இப்போது எங்கள் விமானத்தில் ஓடுகிறது.
போன வாரம் அதன் ரேடியோவும் வந்து சேர்ந்தது.

"எனக்கு இது மூணாவது கம்பெனி," என்றார்.
"மொதல்ல பேப்பர் கப் நிக்கும்.
பெறகு, நாமெல்லாம் ஒரே குடும்பம்னு மெயில் வரும்."
மெயில் செவ்வாயன்றே வந்துவிட்டது.
நான் அதைச் சொல்லவில்லை, அவரும் சொல்லவில்லை.
அவர் ஃபோன் ஒருமுறை ஒளிர்ந்தது.
இன்னொரு கம்பெனியின் பெயர், நேர்முகத் தேதி.
கவிழ்த்து வைத்தார்,
சேகு மைதீன் தாளை வைத்த மாதிரியே.
அதே கம்பெனிக்கு நானும் அனுப்பியிருக்கிறேன்.
சீனி கூடிப்போச்சு என்றேன்.
ஆமா, கூடிப்போச்சு என்றார்.

காலை, வாகைக்குளம்.
அறுபத்திரண்டு பேர் பெல்ட் மாட்டி உட்கார்ந்தாயிற்று.
எரிபொருள் லாரி இறக்கைக்குப் பக்கத்தில்.
இசக்கிப்பாண்டி ஒரு கையில் குழாய்,
மறு கையில் ஃபோன்.
பணம் ஏறிய மெசேஜ் வராமல்
மூடியைத் திறக்கக்கூடாது என்பது அவனுக்கு உத்தரவு.
முதலில் எங்களைப் பார்த்துச் சிரித்தான்.
பிறகு பார்க்காமல் நின்றான்.

இருபது நிமிஷம்.
முன்வரிசைப் பெரியவர் எட்டிக் கேட்டார்:
"காத்து சரியில்லையோ, தாயி?"
"ஆமா, காத்துதான்."

காற்று ஐந்து நாட், ஓடுபாதைக்கு நேரே.
அதைவிட நல்ல காற்று இந்த மாதம் அடிக்கவில்லை.
வடமேற்கே கயத்தாற்றுக் காற்றாலைகள்
யாருக்கோ சம்பாதித்துக்கொண்டு
மெல்லச் சுற்றின.
இந்தச் சீமையில் நாங்கள் பாக்கி வைக்காதது
அது ஒன்றிடம்தான்.
அதன் தலையில் போட்டேன்.

"வந்துட்டு!"
இசக்கிப்பாண்டி ஃபோனை உயர்த்திக் காட்டினான்,
மகன் பாஸான மாதிரி.
குழாய் மாட்டும் சத்தம் இருக்கை வழியாக முதுகில் ஏறியது.

கேப்டன் பட்டியலை வாசித்தார்.
"எரிபொருள்?"
"சென்னைக்குப் போதும்."
அடுத்த வரியில் விரலை வைத்தவர்
கொஞ்ச நேரம்
அதை வாசிக்கவில்லை.