தெர்மாஸ் மூடி

அக்தோபே சாலையோரம்
லாரியை விட்டிறங்கி
உருண்டோடிய தெர்மாஸ் மூடியை எடுக்கக்
குனிந்தான் செய்த்கலி.
நிமிரவில்லை.

"என்ன தூக்கினீர்கள்?" என்றார் டாக்டர் ரௌஷான்.
மூடி என்று சொல்லக் கூச்சம்.
"டயர்."

எழுதிக்கொண்டே போனார்.
புகை?
நாளுக்கு ஒரு பாக்கெட்; பனி இறங்கினால் இரண்டு.
உட்காருவது?
பதினான்கு மணி நேரம்.
சாலை உலுக்கும், அதை இருக்கை வாங்கி
இடுப்பிடம் கொடுக்கும்,
இருபத்தாறு வருடமாய் இதே கொடுக்கல் வாங்கல்.
எடையைத் தராசே சொல்லிவிட்டது.

"அப்பாவுக்கு?"
அப்பா குனிந்தே நடப்பார்.
தொலைத்த எதையோ தேடுகிறார் என்றுதான்
இதுவரை நினைத்திருந்தான்.

படத்தில்
கடைசி இரண்டு முள்ளெலும்புகளுக்கு நடுவே
ரொட்டியை அழுத்தினால் பிதுங்கும் ஜாம் போல
ஒரு கறுப்பு.
"ஒரே நாளில் வந்ததில்லை இது.
அன்றைக்குக் கையில் இருந்தது எதுவோ,
பழி அதன்மேல்."

கூரையைப் பார்த்துக்கொண்டே கிடந்தான்.
"மூடி" என்றான் பிறகு.
"தெர்மாஸ் மூடி."

டயரை அடித்துவிட்டு
மூடி என்று எழுதினார்,
சிரிக்காமல்.

சாலையோரத்தில் லாரி.
உள்ளே தேநீர்
திறந்தபடி ஆறிக்கொண்டிருக்கும்.